மலையை அளக்கும் கடமை

இலங்கைத் தேயிலைக்கென ஓர் ஆராய்ச்சி நிறுவகம் 1925ஆம் ஆண்டின் சட்டமொன்றால் தோற்றுவிக்கப்பட்டு, பின்னர் தலவாக்கலையின் சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்று, உலகப் போரையும் நில உச்சவரம்புச் சட்டங்களையும் தோட்டங்கள் அரசிடமும் பின்னர் கம்பனிகளிடமும் கைமாறிய காலங்களையும் தாண்டி, நூறாண்டு கடந்தும் இயங்கிவருகிறது. தோட்டத்து மக்கள் 'டி.ஆர்.ஐ' என்று சுருக்கமாக வழங்கும் அந்நிறுவகத்தின் நீண்ட வாழ்வுக்கு அறிஞர்களின் திறமை ஒரு காரணமென்றால், அதைவிட ஆழமான காரணம் அதற்கு நிதி வந்துசேரும் வழியைச் சட்டமே வகுத்துவைத்ததுதான். ஏற்றுமதியாகும் தேயிலையின் நிறைக்கேற்ப அறவிடப்படும் 'செஸ்' என்னும் தனித்தீர்வை அதன் அடித்தளமாக அமைந்தது. செஸ் என்பது பொதுவான வரியன்று. குறித்த ஒரு தொழிலிடமிருந்து திரட்டி அத்தொழிலின் நலனுக்கே செலவிடுவதற்கென ஒதுக்கப்படும் தீர்வை அது. கணக்கேட்டில் அதைச் செலுத்துபவர் ஏற்றுமதியாளர் என்று பதியப்பட்டாலும், அதன் வேர் பனி விலகுமுன் மலையேறிக் கொழுந்து பறித்து, நிறுவைத் தராசின் முன் வரிசையில் நிற்கும் பெண்ணின் உழைப்பில் இருக்கிறது. நூறாண்டு ஆராய்ச்சிக்கு மலையகத் தமிழர் செலுத்திய பங்கு எந்த ஆண்டறிக்கையிலும் தனி வரியாக இடம்பெறுவதில்லை எனினும், அப்பங்கு மெய்யானது.

தேயிலைச் செடிக்கு இவ்வாறு ஒரு நிறுவகம் கிடைத்தது. அச்செடி வேரூன்றி நிற்கும் மலைக்கு, அம்மலையின் காட்டுக்கும் ஓடைக்கும் மண்ணுக்கும் பறவைக்கும், அவற்றை ஆண்டுதோறும் இடையறாது அளந்து பதியும் பொறுப்புடைய ஒரு தேசிய அமைப்பு இதுவரை அமையவில்லை. அத்தகைய அமைப்பு ஒன்று வேண்டும் என்பதும், அதற்கான செலவை ஏதாவதொரு தொழிலின் செஸ்ஸோ வெளிநாட்டு நன்கொடையோ அல்லாமல் நாட்டின் பொது நிதியே ஏற்கவேண்டும் என்பதும் இவ்வுரையின் கருத்து.

இக்கருத்தின் அவசியத்தை விளங்கிக்கொள்ள, தேயிலைக்கு முந்திய கோப்பியின் வரலாற்றுக்குச் செல்வது பொருந்தும். 1869இல் மடுல்சீமைப் பகுதியின் கோப்பித் தோட்டமொன்றில் இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படர்ந்திருப்பது முதன்முதலில் கவனிக்கப்பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த த்வெய்ட்ஸ் அதன் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கே பூஞ்சண வல்லுநர் பெர்க்லி அதற்கு 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டார். வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் பாழாக்குவது என்று பொருள். பெயர் விரைவில் கிடைத்தது. ஆனால் அந்நோய் எவ்வாறு பரவுகிறது, எந்தப் பருவத்தில் பெருகுகிறது, எந்த மலைச்சரிவில் தணிகிறது என்பவற்றைத் தொடர்ந்து கவனித்து எழுதிவைக்கும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. பதினோராண்டு கழித்து, 1880இல்தான் ஹாரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர் இதற்கெனவே இலங்கைக்கு அனுப்பப்பட்டார். நோயின் வித்துகள் காற்றில் பரவுகின்றன என்பதையும், காட்டை முற்றாக அழித்து மலைக்கு மலை ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டமையே அவற்றின் பரவலுக்கு வழிவிட்டது என்பதையும் அவர் இரண்டாண்டு உழைப்பில் எடுத்துக்காட்டினார். அவருடைய முடிவு சரியானது. ஆனால் அது காலங்கடந்து வந்தது. கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி 1884இல் வீழ்ந்தபோது கோப்பியின் கதையும் பெரும்பாலும் முடிந்திருந்தது. துரைமார்களின் நட்டம் நூல்களில் விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. கைவிடப்பட்ட தோட்டங்களிலிருந்து கூலி நிலுவையோடு வெளியேறிய தொழிலாளர் குடும்பங்களின் நட்டத்தை எழுதியவர் குறைவு. இயற்கையைக் கவனியாதிருந்ததன் விலையை முதலில் கட்டியவர்களும் இறுதிவரை கட்டியவர்களும் அவர்களே.

தேயிலை அந்தப் பாடத்திலிருந்து பிறந்த பயிர் என்று சொல்லலாம். அதன் ஆராய்ச்சி வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே எடுத்துரைக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில், நீண்டகாலச் சூழலியல் கவனிப்பு எதற்கு என்ற கேள்விக்கு இந்த மலைநாட்டிலேயே கிடைக்கும் மிகத் தெளிவான விடை அதுதான்.

தேயிலை இலைகளைப் பட்டிழையால் ஒன்றோடொன்று ஒட்டி, அந்தக் கூட்டுக்குள் இருந்துகொண்டு தின்னும் சிறு புழு ஒன்று உண்டு. தோட்டங்களில் அதை 'டோட்ரிக்ஸ்' என்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மேல்மலைத் தோட்டங்களின் பெருந்தொல்லையாக விளங்கியது. அதன் முட்டைத் திரள்களைக் கையால் பொறுக்கி அழிப்பதைத் தவிர வேறு வழி தெரியாதிருந்தது. 1935, 1936ஆம் ஆண்டுகளில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் முயற்சியால் ஜாவாவிலிருந்து 'மக்ரோசென்ட்ரஸ்' என்னும் சிறு குளவி கொண்டுவரப்பட்டு மலைகளில் விடப்பட்டது. இக்குளவி டோட்ரிக்ஸ் புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குளவியின் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று வளர்ந்து வெளிவரும். ஓர் உயிரியைக் கட்டுப்படுத்த அதன் இயற்கைப் பகையையே துணைகொள்ளும் இம்முறைக்கு உயிரியற் கட்டுப்பாடு என்று பெயர். குளவி மலைநாட்டில் வேரூன்றியது, புழு அடங்கியது. ஒரு துளி நஞ்சும் இன்றி, பறிப்பவரின் கையும் மூச்சும் கெடாமல் ஒரு பெருங்கேடு தணிந்தது.

இரண்டு தலைமுறை செல்லுமுன் அந்தச் சமநிலை குலைந்தது. 1892இல் நாவலப்பிட்டிப் பகுதியில் முதலில் பதியப்பட்ட மற்றொரு பூச்சி, தேயிலைத் தண்டுக்குள் குண்டூசித் தலையளவு துளையிட்டு, அத்துளைக்குள் தானே ஒரு பூஞ்சணத்தைப் பயிரிட்டு அதை உண்டு வாழும் சிறு வண்டு, நடுமலைத் தோட்டங்களில் கிளைகளை முறியச் செய்துகொண்டிருந்தது. அவ்வண்டுக்கும் பூஞ்சணத்துக்கும் உள்ள உறவை 1947இல் கேட், லூஸ் ஆகிய ஆய்வாளர் தலவாக்கலையிலேயே விளக்கியிருந்தனர். போருக்குப் பின் புதிய செயற்கை நஞ்சுகள் கைக்கு வந்தபோது, டீல்ட்ரின் என்னும் மருந்து இவ்வண்டுக்கு எதிராகப் பெருமளவில் தெளிக்கப்பட்டது. வண்டு குறைந்தது உண்மை. ஆனால் மருந்து தெளித்த மலைகளில், அடங்கிக் கிடந்த டோட்ரிக்ஸ் மீண்டும் பெருகியது, குச்சியைப் போலவே தோற்றமளிக்கும் மற்றொரு புழு எங்கும் காணாத அளவில் இலைகளை மொட்டையடித்தது. மருந்து வண்டைக் கொன்றபோது குளவிகளையும் சேர்த்தே கொன்றிருந்தது. அக்குச்சிப்புழுவின் பெருக்கத்துக்கான காரணங்களை ஆராய்ந்து தந்தநாராயண, கதிரவேற்பிள்ளை ஆகிய இருவரும் 1969இல் வெளியிட்ட கட்டுரை, உலகின் பயன்பாட்டுச் சூழலியல் இதழ்களில் ஒன்றில் இடம்பெற்றது. டீல்ட்ரினைக் கைவிடவேண்டி வந்தது.

இந்நிகழ்ச்சியில் கருதத்தக்கது ஒன்று உண்டு. குளவி வந்ததற்கும் குச்சிப்புழுவின் காரணம் விளங்கியதற்கும் இடையில் முப்பதாண்டுக்கு மேல் கடந்திருந்தது. முன்னைய பூச்சிக் கணக்குகள் பேணப்படாமல் இருந்திருந்தால், புழுக்களின் பெருக்கம் புதியதொரு சாபமாகத் தோன்றியிருக்குமேயன்றி, மருந்தின் விளைவு என்று அறியப்பட்டிருக்காது. புழுவுக்கு இன்னும் கடுமையான மருந்து தேடும் முயற்சியே அடுத்து நடந்திருக்கும். மூன்றாண்டுத் திட்டமோ ஐந்தாண்டுக் கருத்திட்டமோ அந்த விளக்கத்தைத் தந்திருக்க முடியாது. இயற்கையின் காரண காரியத் தொடர்கள் வரவுசெலவுத் திட்டத்தின் நாட்காட்டியைப் பார்த்து நடப்பவையல்ல.

சூழலியல் என்பது உயிர்களுக்கும் அவை வாழும் மண், நீர், காற்று ஆகியவற்றுக்கும் இடையிலுள்ள உறவைப் பற்றிய அறிவியல். நீண்டகாலச் சூழலியல் ஆய்வு என்பது, குறித்த இடங்களை நிரந்தரமாகத் தெரிந்தெடுத்து, அங்கே ஒரே முறையில், ஒரே அளவுகோலால், பல பத்தாண்டுகள் இடையறாது அளந்துகொண்டிருப்பது. அத்தகைய இடங்கள் பல ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடிய முறையில் இணைக்கப்படும்போது அது ஆய்வு வலையமைப்பு எனப்படுகிறது. தேயிலை நிறுவகம் தன் பயிரின் அளவில் இப்பணியைச் செய்தது. வேலிக்கு அப்பாலுள்ள காட்டை அது அளக்கவேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. செஸ் அறவிடப்படுவது தேயிலையிலிருந்தே.

வேலிக்கு அப்பால் என்ன நிகழ்கிறது என்பதற்கு ஹோட்டன் சமவெளி சான்று. கடல் மட்டத்திலிருந்து 2100 மீற்றருக்கு மேல் அமைந்த அந்தப் புல்வெளியும் முகிற்காடும் 1988இல் தேசியப் பூங்காவாயின. சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றுடன் சேர்த்து 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. முகிற்காடு என்பது மழையை மட்டும் நம்பாமல், தவழ்ந்து செல்லும் முகிலின் ஈரத்தை இலைகளாலும் பாசிகளாலும் வடித்தெடுத்து மண்ணுக்குத் தரும் காடு. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அங்கே ஊற்று உண்டு. அச்சமவெளியில் பிறக்கும் அக்ர ஓயாவே அக்கரப்பத்தனையைக் கடந்து கொத்மலை ஓயாவாகித் தலவாக்கலை நகரத்தின் அருகே ஓடுகிறது. அந்தக் காட்டின் மரங்கள், குறிப்பாகத் தொட்டுப்பொல மலைப்பக்கத்தில், உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து மடிவது 1970களின் பிற்பகுதியிலேயே அறிஞர்களால் சுட்டிக்காட்டப்பட்டது. அமில மழை என்று சிலர் கருதினர். வறட்சி என்றனர் வேறு சிலர். மண்ணின் சத்துக்குறைவு, நகரங்களிலிருந்து காற்றில் வரும் மாசு, வேரைத் தாக்கும் நோய் என ஒவ்வொரு விளக்கமும் முன்வைக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஓரளவு சான்று உண்டு. காரணம் இதுவே என்று ஐயமற நிறுவுவதற்குத் தேவைப்படுவது, மரம் மடிவதற்கு முன்னரும் பின்னரும் அதே இடத்தில் முகிலின் அமிலத்தன்மை, மண்ணின் ஈரம், மரத்தின் வளர்ச்சி ஆகிய மூன்றையும் சேர்த்து எடுக்கப்பட்ட நீண்ட பதிவு. தனித்தனி ஆய்வேடுகள் பட்டம் பெறுவதோடு நின்றுவிடுகின்றன. மாணவர் போனபின் கருவியும் போய்விடுகிறது. காடு மட்டும் தொடர்ந்து காய்கிறது.

பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் மத்தும பண்டார முதலானோர் மேல் மகாவலிப் பகுதியின் பழைய மழைக் கணக்குகளை ஆராய்ந்து, நுவரெலியா முதலிய இடங்களில் மழை நூற்றாண்டு அளவில் குறைந்துவந்திருப்பதை எடுத்துக்காட்டினர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து மழைமானியைப் பார்த்து எண்ணை எழுதிவைத்த, பெயர் தெரியாத எழுதுவினைஞர்கள் இல்லாமல் அந்த முடிவு வந்திருக்காது. எழுதிவைத்த காலத்தில் அந்த எண்களால் யாருக்கும் பெரிய பயன் இருந்ததாகத் தெரிந்திராது. அளவீடு பயன்தருவது அளந்தவர் காலத்திலன்று. அதனாலேயே அது தனியார் முதலீட்டுக்கு ஒவ்வாததாகவும் பொது நிதிக்கு உரியதாகவும் இருக்கிறது.

பிற நாடுகளின் அனுபவமும் இதையே சொல்கிறது. அமெரிக்காவின் நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்தில் ஹபார்ட் புரூக் என்னும் காட்டு ஓடையில் 1963 முதல் லைக்கன்ஸ், போர்மன் ஆகியோர் தலைமையில் மழைநீரும் ஓடைநீரும் வாரந்தோறும் சோதிக்கப்பட்டன. மழை இயல்புக்கு மாறாக அமிலமாக இருப்பதும், அது மண்ணிலிருந்து சுண்ணச்சத்தைக் கரைத்துக்கொண்டு போவதும் அங்கே வெளிப்பட்டது. 1990இல் அமெரிக்கா தன் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது அவ்வோடையின் எண்கள் சட்டமன்றத்தில் சான்றாக நின்றன. 1980இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் நிறுவனம் ஆறு இடங்களுடன் தொடங்கிய நீண்டகாலச் சூழலியல் வலையமைப்பு பின்னர் காடு, பாலைநிலம், கடற்கரை, நகரம் என விரிந்தது. நிதி நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே ஓர் அடையாளம் உண்டு. ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் 1958 முதல் சார்ள்ஸ் கீலிங் வளிமண்டலக் கரியமில வாயுவை அளந்துவந்தார். 1964இல் நிதி வெட்டப்பட்டுச் சில மாதங்கள் அளவீடு தடைப்பட்டது. உலகமே அறிந்த அந்த வளைகோட்டின் மூலப்பதிவில் அவ்விடைவெளி இன்றும் இருக்கிறது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த மாதங்களின் காற்றை இனி அளக்க முடியாது.

தமிழ்நாட்டின் முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988இல் 50 ஹெக்டேர் காட்டை நிரந்தர ஆய்வுத் தளமாக வகுத்து, அதிலுள்ள மரங்களை எண்ணிட்டு, தீயும் வறட்சியும் யானையும் அக்காட்டை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை ஆண்டுதோறும் பதிந்துவருகிறது. அக்காட்டின் அண்டையிலுள்ள கூடலூரிலும் நீலகிரியின் பிற பகுதிகளிலும், 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் மலைநாட்டிலிருந்து பெயர்ந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர் என்பது தலவாக்கலையில் பலருக்கு உறவு முறையிலேயே தெரிந்த செய்தி. இந்திய அரசு 2015இல் மேற்குத் தொடர்ச்சிமலை, இமயம் முதலிய பகுதிகளுக்கென நீண்டகாலச் சூழலியல் அவதானிப்பகங்களை அறிவித்தது. ஒரே பருவக்காற்று நனைக்கும் இரு மலைநாடுகளில், ஒரு பக்கத்தில் மரத்துக்கு எண் இருக்கிறது. மறு பக்கத்தில் எண்ணுவதற்கு ஆளை நியமிக்கும் ஏற்பாடு இல்லை.

இலங்கையில் எதுவுமே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. சிங்கராஜக் காட்டில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோரின் முயற்சியால் 1993இல் 25 ஹெக்டேர் ஆய்வுத் தளம் அமைக்கப்பட்டது. பெருவிரலினும் மெல்லிய கன்று முதல் உச்சிமரம் வரை இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் அங்கே எண்ணிடப்பட்டு இனம் காணப்பட்டன. அதே காட்டில் சரத் கொட்டகம 1980களின் தொடக்கத்திலிருந்து பல இனப் பறவைகள் ஒன்றுகூடித் திரியும் கூட்டங்களைக் கவனித்துவந்தார். பொலன்னறுவையில் குரங்குக் கூட்டங்களைப் பற்றி வொல்ஃப்காங் டிட்டஸ் 1968இல் தொடங்கிய ஆய்வு அரை நூற்றாண்டைக் கடந்தது. இவை உலகத்தரமான பணிகள். ஆயினும் இவற்றைத் தாங்கி நின்றவை தனிமனிதரின் பிடிவாதமும் ஸ்மித்சோனியன் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களின் துணையுமே. அந்தத் துணைக்கு நன்றி கூறுவது கடமை. அதையே நம்பியிருப்பது தவறு. கொடுப்பவரின் அக்கறை மழைக்காட்டிலிருந்து பவளப்பாறைக்கு மாறினால், இங்கே எண்ணிட்ட மரங்கள் எண்ணோடு நிற்கும், எண்ணுபவர் இருக்கமாட்டார். அந்நியர் காசில் நடக்கும் கவனிப்பு, கேட்கும் கேள்வியையும் அந்நியரே தெரிவுசெய்ய இடமளிக்கிறது. அரிய விலங்கைப் பற்றிய ஆய்வுக்கு நிதி கிடைப்பது எளிது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே ஓடும் ஓடையின் கலங்கலைப் பற்றிய ஆய்வுக்கு அரிது.

நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவாகும் இலங்கையில், 2022இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தபின், மருந்துக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற மக்களிடம் காட்டையும் ஓடையையும் அளக்கப் பணம் கேட்பது தகுமா என்ற கேள்வி எழுவது இயல்பு. அக்கேள்வியை எழுப்புவோர் இரக்கமற்றவர்கள் அல்லர். அவர்களுக்கு முழுமையான விடை கூறப்படவேண்டும்.

அளக்காமல் விடுவதற்கும் விலை உண்டு என்பதே விடையின் முதற்பகுதி. 1976இல் மகாவலியின் குறுக்கே அமைந்த பொல்கொல்ல நீர்த்தேக்கம் பன்னிரண்டு ஆண்டுக்குள் தன் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வண்டலால் இழந்தது. அவ்வண்டல் மலைநாட்டின் மேல்மண். தேயிலையும் மரக்கறியும் விளையவேண்டிய மண். எந்தச் சரிவிலிருந்து, எந்தப் பயிர்முறையால், எந்த மாத மழையில் அது கழுவப்பட்டது என்பதை அறிய ஓடைதோறும் வண்டல் அளக்கும் நிலையங்கள் வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது தெரியவந்தது. எச்சரிக்கை மக்களின் காதுக்கும் காலுக்கும் போய்ச்சேரவில்லை. போக வேறிடமும் அவர்களுக்கு இருக்கவில்லை. மழைமானி மட்டும் உயிரைக் காப்பாற்றிவிடும் என்று இவ்வுரை கூறவில்லை. மண்ணுக்கடியில் நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அன்றாடம் அளந்து, அந்தச் செய்தியைத் தமிழில், அந்த லயத்துக்கே கொண்டுசேர்ப்பவர் ஒருவர் நிரந்தரப் பணியில் இருந்தால், எச்சரிக்கை கோப்பிலேயே தங்கிவிடும் வாய்ப்பு குறையும்.

விடையின் மறுபகுதி 2021ஆம் ஆண்டைப் பற்றியது. அவ்வாண்டு மே மாதம் இரசாயன உரங்களின் இறக்குமதி ஒரே வர்த்தமானி அறிவித்தலால் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீக்கப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோகிராமாக இருந்த தேயிலை உற்பத்தி, பொருளாதார நெருக்கடியின் பிற துன்பங்களும் சேர்ந்து, 2022இல் ஏறத்தாழ 251 மில்லியனாக வீழ்ந்தது. கொழுந்து குறைந்த மலையில் நிறை குறையும். நிறை குறைந்தால் நாட்கூலியும் குறையும். அம்முடிவைக் கண்டித்துப் பலர் எழுதிவிட்டனர், கண்டனம் எளிது. ஆனால் தடையை ஆதரித்தோர் முன்வைத்த ஒரு கேள்வி உண்மையானது: நூறாண்டாக உரம் கொட்டிய மண்ணின் உயிர்த்தன்மை எவ்வளவு எஞ்சியிருக்கிறது? அதற்கு மேடைப்பேச்சால் விடை காண முடியாது. இங்கிலாந்தின் ரொதம்ஸ்டட் பண்ணையில் 1843இல் தொடங்கப்பட்ட புரோட்பால்க் வயலில், எரு இட்ட பாத்தியும் இரசாயன உரமிட்ட பாத்தியும் எதுவுமே இடாத பாத்தியும் அடுத்தடுத்து இன்றுவரை கோதுமை விளைத்துக்கொண்டிருக்கின்றன. அங்கே அக்கேள்விக்கு எண்களால் விடை உண்டு. இலங்கையின் ஈரவலயத்திலும் உலர்வலயத்திலும், தேயிலையிலும் நெல்லிலும், அத்தகைய பாத்திகள் ஒரே முறையில் நாற்பது ஆண்டு பேணப்பட்டிருந்தால், முடிவெடுப்போர் கேட்டிருப்பார்களா என்பது வேறு. கேட்காதிருப்பது இன்னும் கடினமாகியிருக்கும், எதிர்த்துப் பேசிய விவசாயிக்கும் தொழிலாளிக்கும் கையில் சான்று இருந்திருக்கும்.

பணம் எவ்வழியில் வரவேண்டும் என்பதில் தேயிலை நிறுவகத்தின் வரலாறே வழிகாட்டுகிறது. அதைக் காத்தது தொகையின் பெருக்கத்தைவிட வருகையின் உறுதி. சூழலியல் வலையமைப்பும் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டு, வரவுசெலவுத் திட்டத்தில் தனக்கெனத் தனித்தலைப்பு உடையதாய், குறைந்தது பத்தாண்டுக்கான ஒதுக்கீட்டை முன்கூட்டியே உறுதிசெய்யும் ஏற்பாட்டுடன் அமையவேண்டும். புதிய மாளிகைகள் தேவையில்லை. 1861இல் சிங்கோனாப் பயிருக்கெனத் தொடங்கிய ஹக்கலப் பூங்கா, தலவாக்கலை நிறுவகம், கண்டியின் அடிப்படைக் கற்கைகள் நிறுவகம், சிங்கராஜத் தளம், வளிமண்டலவியல் திணைக்களத்தின் நிலையங்கள், பேராதனை முதல் யாழ்ப்பாணம், கிழக்கு வரையிலான பல்கலைக்கழகங்கள் எனக் கண்ணிகள் முன்பே இருக்கின்றன. அவற்றை ஒரே அளவுகோலில் கோத்து, இடைவெளியான இடங்களில், குறிப்பாக முகிற்காட்டிலும் தோட்ட ஓடைகளிலும் வடக்கின் நிலத்தடி நீரிலும், புதிய நிலையங்களைச் சேர்ப்பதே முதற்பணி. பெருஞ்சாலைகளுக்கு ஒதுக்கப்படும் தொகையோடு ஒப்பிட்டால் இதன் செலவு சிறிது.

அரசின் பணத்தை ஏற்றால் அரசின் தலையீட்டையும் ஏற்கவேண்டி வருமே என்று சில ஆய்வாளர் அஞ்சுவது காரணமற்றதன்று. கசப்பான எண் வெளியாகும்போது அதை மறைக்கும் ஆசை எந்த ஆட்சிக்கும் வரும். அதற்கு மருந்து, எடுக்கப்படும் ஒவ்வோர் அளவீடும் குறித்த காலத்துக்குள் எவரும் காணத்தக்கதாய் வெளியிடப்படவேண்டும் என்பதைச் சட்டத்திலேயே எழுதிவைப்பது. வெளியீடு சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அமைவது சலுகையன்று. ஓடைநீரைக் குடிப்பவர் அந்நீரின் கணக்கைத் தம் மொழியில் வாசிக்க உரிமை உடையவர்.

அளப்பவர் யார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். காட்டையும் சரிவையும் நடந்தறிந்தவர்கள், எந்தப் பீலியில் எந்த மாதம் நீர் வற்றும் என்று கேட்டவுடன் சொல்லக்கூடியவர்கள், தோட்டங்களில் பிறந்து உயர்தரம் முடித்துவிட்டுக் கொழும்பில் கடைவேலை தேடும் இளைஞரும் யுவதிகளும். 1853க்குப் பின் எவர் கண்ணிலும் படாமல் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட மரத்தவளை ஒன்று சிவனொளிபாதமலைக் காட்டில் மீண்டும் காணப்பட்டதாக 2013இல் அறிவிக்கப்பட்டது. தேடிச் செல்லும் கால்கள் இருந்ததால் அது கண்டறியப்பட்டது. அப்படிப்பட்ட கால்கள் மலைநாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. களத் தொழில்நுட்பவியலாளர் என்னும் பதவி ஓய்வூதியத்தோடு கூடிய நிரந்தர அரச பதவியாக அமையவேண்டும். திட்டம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்படும் நாட்கூலியாக அன்று. ஒரே கையால் இருபதாண்டு எடுக்கப்பட்ட அளவீட்டுக்கு இருக்கும் நம்பகம் ஆண்டுதோறும் கைமாறும் அளவீட்டுக்கு இராது என்பதை அறிவியலும் ஒப்புக்கொள்கிறது.

தொடங்குவதற்கு இடம் தேடவேண்டியதில்லை. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டம் தலவாக்கலையில் அணைகட்டி, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே நீரைக் கொண்டுசென்று 150 மெகாவாட் மின்சாரத்தைப் பெறுகிறது. அணைக்குக் கீழே, சென் கிளயர் நீர்வீழ்ச்சிக்குப் பகல் வேளையில் குறித்த அளவு நீர் விடப்படுகிறது. ஆற்றின் அப்பகுதியில் மீனுக்கும் தவளைக்கும் கரையோரச் செடிக்கும் இரவில் என்ன நேர்கிறது, அணைக்கு மேலே அக்ர ஓயா கொண்டுவரும் மண்ணும் உரமும் பூச்சிமருந்தும் எவ்வளவு என்பவற்றை அளக்க, ஹோட்டன் சமவெளியின் ஊற்றில் ஒன்றும், அக்கரப்பத்தனைத் தோட்டங்களின் நடுவே ஒன்றும், நகரத்துக்குக் கீழே ஒன்றுமாக மூன்று நிலையங்கள் போதும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைமானிகள் காலை 8.30க்குப் பார்க்கப்படும் அதே வேளையில், இம்மூன்று இடங்களிலும் மூவர் நீரின் மட்டத்தையும் வெப்பத்தையும் கலங்கலையும் பார்த்து எழுதத் தொடங்கலாம்.